தைரோசினேஸ் – கறுப்பேற்று நொதி

குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் இறால் வாங்குகிறவர் முதலில் தலையைப் பார்ப்பார். 'தலை கறுத்துப்போச்சு' என்றால் விலை இறங்கிவிடும். அந்தக் கறுப்பு அழுகல் அல்ல. தைரோசினேஸ் என்ற நொதியின் வேலை. பாலிபீனால் ஆக்சிடேஸ் என்றும் எழுதுவார்கள்.

'டைரோஸ்' என்றால் கிரேக்கத்தில் பாலாடைக்கட்டி. 1846இல் ஜெர்மன் வேதியியலர் லீபிக் பாலாடைக்கட்டியின் புரதத்திலிருந்து பிரித்த அமினோ அமிலம் தைரோசின். அதன்மேல் வேலை செய்யும் நொதிக்கு 'ஏஸ்' ஈறு சேர்ந்தது. நொதி என்ற சொல்லோ மாவு நொதிப்பதிலிருந்து நம்மவர் எடுத்தது. 'என்சைம்' என்பதன் கிரேக்க வேரும் புளித்தமாவுதான்.

சிலர் 'கருநிற நொதி' என்கிறார்கள். அது பிழை. நொதி கறுப்பல்ல, கறுப்பாவது அது உண்டாக்கும் மெலனின், அதாவது கருநிறமி. ஆகவே 'கறுப்பேற்று நொதி' என்பதே பொருந்தும். (கருமைக்கு ரு, கறுப்புக்கு று, இரண்டும் சரியே.)

இந்த நொதி இறாலின் சதையில் இருப்பதில்லை என்றே சொல்லலாம். தலையோட்டுக்கு அடியிலுள்ள தோலில் மிகுதி. அடுத்து வால் விசிறி, உடல் கண்ணிகள் சேரும் மூட்டு, நீந்து கால்கள். இரத்த அணுக்களில் உறங்குநிலையில் கிடக்கும். உயிருள்ள இறாலுக்கு ஓடு கெட்டிப்படவும் காயம் ஆறவும் வேண்டியது இதுவே. செத்தபின் தலைக்குள் இருக்கும் செரிமானச் சுரப்பி சிதைந்து, அதிலிருந்து கசியும் புரதச் சிதைப்பு நொதிகள் உறங்கியதை எழுப்பிவிடும். காற்றிலுள்ள ஆக்சிசன் சேர்ந்ததும் தைரோசின் குயினோன் என்ற சேர்மமாகி, குயினோன்கள் பிணைந்து கருநிறமியாகும்.

தலை கிள்ளினால் கறுப்பு குறையும். ஆனால் கிள்ளிய இடத்தைக் கழுவாமல் விட்டால், ஒட்டியிருக்கும் இரத்தமே கழுத்தில் கறுப்பு வளையம் போடும். ஐஸ் வேகத்தைத் தணிக்கும், நொதியைக் கொல்லாது. உறைந்த இறாலும் உருகியதும் கறுக்கத் தொடங்கும். கொதிக்க வேகவைத்தால்தான் அது சாகும்.

கறுப்பைத் தடுக்க சோடியம் மெட்டாபைசல்பைட் என்ற கந்தக உப்பின் கரைசலில் முக்கும் வழக்கம் உண்டு: லிட்டருக்கு 12.5 கிராம், ஒரு நிமிடம். கூடை கூடையாய் முக்கும்போது மருந்து தீர்ந்துபோகும், மாற்றாவிட்டால் கடைசிக் கூடை கறுக்கும். அதற்காக அளவைக் கூட்டுவது தவறு. பச்சை இறாலில் இந்த உப்பு விட்டுச்செல்லும் கந்தக டைஆக்சைடு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் நிற்கக்கூடாது என்பது கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தர விதியின் வரம்பு. ஆஸ்துமாக்காரருக்கு அது மூச்சை அடைக்கும்.