அள்ளாத பாசி சுத்தம் செய்யாது

குளம் பச்சையாகிவிட்டால் பாசி கெடுத்துவிட்டது என்கிறோம். கெடுத்தது சாக்கடையோடு வந்த நைட்ரஜனும் பாஸ்பரசும்தான். பாசி அவற்றைத் தின்று பெருகியிருக்கிறது. இந்தப் பசியைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குப் பயன்படுத்த முடியும்.

ஆய்வகங்களுக்கு மிகவும் பழகிய நன்னீர்ப் பாசி குளோரெல்லா. 1890இல் நெதர்லாந்து அறிவியலாளர் பெயரிங்க், பிற உயிர்கள் கலவாமல் அதைத் தனியே வளர்த்துக் காட்டினார். உப்புகள் கரைத்த நீரில் சிறிது விட்டு வெளிச்சமும் காற்றும் கொடுத்தால் முதலில் மாற்றம் எதுவும் தெரியாது. செல்கள் புதிய நீருக்குத் தங்களைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. பிறகு ஒவ்வொரு தாய்ச் செல்லும் தனக்குள்ளேயே நான்கு, எட்டு என்று சேய்ச் செல்களை உருவாக்கி, சுவர் கிழிந்து அவற்றை வெளியே விடுகிறது. குடுவை கரும்பச்சையானதும் வளர்ச்சி தளரும். ஒளி பட்ட பக்கத்துச் செல்கள் உள்ளே இருப்பவற்றுக்கு வெளிச்சத்தை மறைத்துவிடுகின்றன. கலிபோர்னியாவில் 1950களில் வில்லியம் ஆஸ்வால்ட் ஆராய்ந்து வளர்த்தெடுத்த பாசிக் குளங்கள் ஆழம் குறைந்தவையாக இருப்பதற்கும் இதுவே காரணம். அங்கே பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன; அதற்கு வேண்டிய ஆக்சிஜனைப் பாசி தருகிறது.

நைட்ரஜன் நீரில் அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் இருக்கும். அம்மோனியம் இருக்கும்வரை பாசி பெரும்பாலும் நைட்ரேட்டை நாடுவதில்லை. நைட்ரேட்டைப் பயன்படுத்துமுன் அம்மோனியமாக மாற்ற வேண்டும், அதற்கு ஆற்றல் செலவாகும். பாஸ்பரஸ் அடங்கிய பாஸ்பேட்டை மட்டும் அன்றாடத் தேவைக்கு மேலேயே இழுத்து, செல்லுக்குள் மணிமணியாகச் சேமித்துக்கொள்ளும்.

தொழிற்சாலைக் கழிவில் வரும் உலோகங்களின் கதை வேறு. செல் சுவரில் எதிர்மின்னூட்டம் கொண்ட இடங்கள் நிறைய உண்டு. ஈயம், காட்மியம் போன்றவற்றின் நேர்மின் அயனிகள் சில நிமிடங்களிலேயே அங்கே ஒட்டிக்கொள்கின்றன. இதற்கு உயிர்கூட வேண்டியதில்லை, செத்த பாசியும் உலோகத்தைப் பிடிக்கும். நீர் அமிலமானால் ஹைட்ரஜன் அயனிகள் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்ள, உலோகம் மீண்டும் நீருக்கே போய்விடும். உயிருள்ள செல் ஒரு பகுதியை மெல்ல உள்ளேயும் இழுத்து, கந்தகம் கொண்ட புரதத் துணுக்குகளால் கட்டிப்போடுகிறது.

இத்தனையும் நடந்தபின்னும் மாசு குளத்தைவிட்டுப் போகவில்லை; இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பாசி செத்து அழுகினால் உண்டதெல்லாம் திரும்ப நீரில் கலக்கும். ஆகவே அதை அள்ளியாக வேண்டும். கடினமான வேலை அதுதான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே அளவுள்ள செல்கள், ஒரே மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கியபடி மிதக்கின்றன. எளிதில் அடியில் படிவதில்லை. படிகாரம் சேர்த்துத் திரட்டலாம், சுழற்றிப் பிரிக்கலாம். இரண்டுக்கும் செலவு உண்டு.

வீட்டுக் கழிவில் வளர்ந்த பாசியை உரமாக்க வழியிருக்கிறது. உலோகம் ஏறிய பாசியை வயலில் போடவே கூடாது. தொழிற்சாலைக் கழிவையும் வீட்டுக் கழிவையும் ஒரே குளத்தில் விட்டால் அந்த உரமும் வீண்.