ஒத்திவைப்பா, முடித்துவைப்பா, கலைப்பா?

2018 ஒக்டோபர் 27ஆம் திகதி இலங்கையின் தேயிலை மலைநாட்டில், ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் ‘பாராளுமன்றம் ஒத்திவைப்பு’ என்று வானொலியில் செய்தி போனதும் ஒருவர் கேட்டார்: “என்னண்ணே, கலைச்சிட்டாங்களா?” இல்லை என்று சொல்ல முடிந்ததே தவிர, நடந்தது என்ன என்று சொல்லச் சரியான சொல் எனக்கும் அன்று வாயில் வரவில்லை.

குழப்பம் அந்த ‘ஒத்திவைப்பு’ என்ற சொல்லில்தான். ஒரு நாள் அமர்வு முடிந்து மறுநாளைக்கோ அடுத்த வாரத்துக்கோ தள்ளிவைப்பதுதான் ஒத்திவைப்பு, ஆங்கிலத்தில் அட்ஜர்ன்மென்ட். அந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, ‘இன்ன நாளுக்கு’ என்பது அதன் உள்ளர்த்தம். நாள் குறிக்காமல் தள்ளினால் சைன் டை, அது லத்தீன், ‘நாள் இன்றி’. இதற்கு ஒத்திவைப்பு என்ற சொல் நன்றாகவே பொருந்துகிறது, சபை ஒத்திவைப்பு வேளைப் பிரேரணை என்று ஊன்றியும் விட்டது, அதைத் தொட வேண்டாம்.

அன்று நடந்ததோ ஆங்கிலத்தில் புரொரோகேஷன். அதாவது முடிவது ஒரு நாள் அமர்வு இல்லை, பல அமர்வுகள் சேர்ந்த கூட்டத்தொடரே முடிகிறது. சபாநாயகர் செய்வதல்ல இது, ஜனாதிபதி பிரகடனம் செய்து வர்த்தமானியில் வரவேண்டும், அடுத்த தொடருக்கு இரண்டு மாதத்துக்குள் நாள் குறித்தாக வேண்டும். உறுப்பினர்களின் பதவி அப்படியே இருக்கும். முடியாமல் கிடக்கும் அலுவல்களை அடுத்த தொடரில் தொடரலாம் என்று அரசியலமைப்பின் 70ஆம் உறுப்புரை சொல்கிறது.

வேடிக்கை என்னவென்றால் புரொரோக் என்ற சொல்லுக்கு லத்தீனில் நீட்டிப்பு என்று பொருள். ரோமாபுரியில் ஒரு அதிகாரியின் பதவிக்காலத்தை மக்களிடம் கேட்டு நீட்டுவார்களாம், ‘ரொகாரே’ என்றால் கேட்பது. நீட்டுவது தள்ளிவைப்பதாகி, தள்ளிவைப்பது கடைசியில் முடித்துவைப்பதாகிவிட்டது. ஆகவே வேரை வைத்துப் பார்த்தால் ‘ஒத்திவைப்பு’ என்று எழுதும் பத்திரிகைக்காரர்களையும் முழுத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் இன்றைய பொருளுக்கு ‘கூட்டத்தொடர் முடித்துவைப்பு’தான் சரி, கொஞ்சம் நீளம், பரவாயில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு விளங்குகிற மாதிரி சொல்வதானால், பொழுது சாய்ந்து கொழுந்து நிறுத்துவிட்டு லயத்து வீட்டுக்குப் போவது ஒத்திவைப்பு, நாளைக்குக் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு வந்தே ஆகவேண்டும். முடித்துவைப்பு என்பது செடியின் கிளைகளை வெட்டிவிடும் கவ்வாத்து, மலை மொட்டையாகத் தெரியும், கொஞ்ச நாள் கொழுந்து கிடையாது, வேர் மட்டும் அப்படியே இருக்கும். கலைப்பு என்றால் தேயிலையைத் தூரோடு பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று நடுவது, அதாவது தேர்தல் வைத்துப் புதுச் சபை.

அந்த 2018இல் கவ்வாத்து வெட்டி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, நவம்பர் 9ஆம் திகதி இரவு பிடுங்கியே விட்டார்கள். அப்போதைய சட்டப்படி பாராளுமன்றம் முதலில் கூடி நாலரை வருடம் முடியாமல் ஜனாதிபதி தன் இஷ்டத்துக்குக் கலைக்க முடியாது, அதனால் அது செல்லாது என்று டிசம்பர் 13ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகச் சொன்ன பிறகுதான் கடையில் கேட்டவருக்கு நானும் பதில் சொன்னேன்: “அப்ப கலைக்கல்லண்ணே, முடிச்சு வச்சாங்க. பிறகுதான் கலைச்சாங்க, அதுவும் செல்லாதாம்.”