நன்றியாகக் கொடுக்கும் நிரல் நம்முடையதுதானா?

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், கருவிகளுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் எழுதிப் பிழைக்கும் எனக்கு, செஃபிர் இயங்குதளத்தின் சமூகத்தில் சேர்ந்ததுபோல் தொழிலில் கைகொடுத்தது வேறொன்றும் இல்லை. லினக்ஸ் அறக்கட்டளை 2016இல் அறிமுகப்படுத்திய இந்தச் சிறிய இயங்குதளம், நினைவகம் குறைந்த கருவிகளுக்கென்றே உருவானது. அப்பாச்சி 2.0 என்ற திறந்த உரிமத்தில் இருப்பதால் யாரும் அதை எடுத்தாளலாம், மாற்றலாம், விற்பனைப் பொருளிலும் சேர்க்கலாம். சமூகத்தில் நாம் ஒரு சந்தேகம் கேட்டால், முகம் தெரியாத ஒருவர், நாம் இங்கே உறங்கும் நேரத்தில், எந்தக் கோப்பில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்பதுவரை பதில் எழுதி வைத்திருப்பார். காலையில் அதைப் படிக்கும்போது நாமும் ஏதாவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பே. அப்படித் தோன்றிய வேகத்தில் நம் இளைய பொறியாளர்கள் சிலர் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

அலுவலகத்தில் ஒரு சென்சாருக்காக எழுதிய டிரைவர், அதாவது அதை இயக்கும் நிரல், நன்றாக ஓடுகிறது. அதையே வீட்டுக் கணினியிலிருந்து சமூகத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். எண்ணத்தில் குறையில்லை. ஆனால், மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது, பணியின் பகுதியாக ஊழியர் உருவாக்கிய படைப்பின் பதிப்புரிமை முதலாளிக்கு மாறியதாகவே கொள்ளப்படும். கணினி நிரலும் அந்தச் சட்டத்தின் பார்வையில் ஒரு படைப்புதான். நாமே எழுதினோம், இரவு கண்விழித்து எழுதினோம் என்பதால் மட்டும் அது நமக்குச் சொந்தமாகிவிடாது.

செஃபிருக்கு அனுப்பும் ஒவ்வொரு கமிட்டின், அதாவது நிரல் மாற்றப் பதிவின், அடியிலும் நம் பெயரும் மின்னஞ்சலும் கொண்ட ஒரு கையொப்ப வரி இருக்க வேண்டும். அந்த மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் (Git) கருவியில் ஒரு சிறிய தெரிவைச் சேர்த்தால் அது தானாகவே விழுந்துவிடுவதால், பலர் அதைச் சடங்காகவே நினைக்கிறார்கள். லினக்ஸ் நிரலில் தங்களுக்கு உரிமை இருப்பதாகச் சொல்லி எஸ்சிஓ நிறுவனம் 2003இல் ஐபிஎம் மீது வழக்குத் தொடுத்ததை அடுத்து, 2004இல் லினக்ஸ் சமூகம் கொண்டுவந்த உறுதிமொழி அது. இந்த நிரலை இந்த உரிமத்தில் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்றும், இந்தப் பதிவு என் பெயரோடு காலவரையின்றிப் பொதுவில் இருக்கும் என்பதை அறிவேன் என்றும் நாம் அதில் சொல்கிறோம். முதலாளியின் நிரலுக்குக் கீழே அந்த வரியை இடுபவர், தெரிந்தோ தெரியாமலோ, உண்மையல்லாத ஒன்றுக்குக் கையெழுத்துப் போடுகிறார். போதாததற்கு, அப்பாச்சி உரிமத்தின் 3ஆவது பிரிவு பங்களிப்போடு காப்புரிமை (பேட்டன்ட்) அனுமதியையும் சேர்த்தே கொடுக்கச் சொல்கிறது. நிறுவனங்களின் சட்டப் பிரிவினர் தயங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நிரலை அனுப்பாமல், அதிலுள்ள வழுவை (பிழையை) மட்டும் தெரிவிப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். நிரலை ஓடும் வடிவுக்கு மாற்றும் பில்ட் தோல்வியடைந்ததும், டெர்மினல் திரையில் வந்ததை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். அந்த வரிகளில் கோப்புறைப் பாதை முழுமையாக இருக்கும். அந்தப் பாதையில் வாடிக்கையாளர் நிறுவனத்தின் சுருக்கப் பெயரும், இன்னும் சந்தைக்கு வராத சிப்பின் உள்பெயரும் இருக்கும். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு வேலை பார்க்கும் நமக்கு இது சிறிய விஷயமல்ல. பிறகு அழித்தாலும், அறிவிப்பாகப் பலருடைய அஞ்சல்பெட்டிக்கு அது ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும். செஃபிரோடு வரும் மாதிரி நிரல்களில் ஒன்றைக் கொண்டு அதே வழுவை மீண்டும் வரவழைத்து, அந்தப் பதிவை மட்டும் கொடுப்பதே சரியான முறை. சமூகத்தின் நிரலைக் கவனித்துவரும் பராமரிப்பாளருக்கும் அதுதான் உதவும். நம் பொருளின் நிரல் அவரிடம் இல்லையே.

அனுமதி கேட்பதற்குப் பலர் கூச்சப்படுகிறார்கள். கேட்டால் கிடைக்காது என்பது பல நேரங்களில் நாமாகக் கட்டிக்கொள்ளும் கதை. எந்தக் கோப்பு, எந்த உரிமம், இதனால் நிறுவனத்துக்கு என்ன பயன் என்று மேலாளருக்கு ஒரு பத்தியில் எழுதிக் கேளுங்கள். நாம் செய்த திருத்தம் மூலத்திலேயே சேர்ந்துவிட்டால், புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அதை மறுபடி ஒட்டவைக்கும் வேலை மிச்சம் என்ற ஒரே வாதம் பெரும்பாலும் போதும். பதில் எழுத்தில் இருக்கட்டும். காப்பிக் கடையில் மேலாளர் தலையாட்டியது கணக்கில் சேராது.

அனுமதி கிடைக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. வேகமாக வளரும் சமூகத்தில் நிரல் எழுதி அனுப்புவோரின் எண்ணிக்கை கூடும் அளவுக்கு, அதைப் படித்துப் பார்ப்போரின் எண்ணிக்கை கூடுவதில்லை. ஓய்ந்துபோன பராமரிப்பாளர் என்ன ஆவார் என்பதை 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரம் காட்டியது. பெரும்பாலும் ஒருவரே கவனித்துவந்த கோப்புகளைச் சுருக்கும் அந்த மென்பொருளில், உதவியாளராக வந்து நம்பிக்கை பெற்றவரே புறவாசல், அதாவது ரகசிய நுழைவழி, வைத்தார். ஆகவே, சொந்தப் பணத்தில் செஃபிர் ஓடும் ஒரு மின்னணுப் பலகை வாங்கி, பிறர் அனுப்பியுள்ள திருத்தங்களை அதில் ஓட்டிப் பார்த்து, எந்தப் பலகையில், எந்தப் பதிப்பில், என்ன நடந்தது என்று நான்கு வரி எழுதலாம். இதை முதலாளியின் நிரலைத் தொடாமல், வீட்டு மேசையிலேயே செய்யலாம். பணி ஒப்பந்தத்தில் வெளிவேலை பற்றிய விதி இருக்கிறதா என்று மட்டும் முதலில் ஒருமுறை படித்துவிடுங்கள்.