கழுநீர்: 'கிரே வாட்டர்' என்பதற்கு நம்மிடம் உள்ள சொல்

'கிரே வாட்டர்' என்பதைச் 'சாம்பல் நீர்' என எழுதுவது பரவிவருகிறது. ஆங்கிலத்தில் கழிப்பறை நீருக்குக் கறுப்பு நிறம் சொன்னார்கள்; குளித்த, துவைத்த நீர் அதற்கும் தெளிந்த நீருக்கும் இடைப்பட்டதால் இந்தப் பெயர். தமிழில் 'சாம்பல் நீர்' என்றால் அடுப்புச் சாம்பல் கரைத்த தண்ணீர்தான் நினைவுக்கு வரும்.

உரிய சொல் கழுநீர். 'கழுவு' என்னும் வினையிலிருந்து வந்தது. மலையாளத்தில் கழுகு, தெலுங்கில் கடுகு, எல்லாம் ஒரே வேர். (செங்கழுநீர் பூவின் பெயர், அது வேறு.) வேலூர், சித்தூர் எல்லையோர ஊர்களில் அரிசி களைந்த நீரை மாட்டுக்கு ஊற்றிவைப்பது தமிழ் வீட்டில் கழுநீர்த்தொட்டி, தெலுங்கு வீட்டில் குடிதித் தொட்டி. பேச்சில் 'கழனித் தண்ணி' ஆகிவிட்டது. எப்படிச் சொன்னாலும் அது கொட்டிவிடும் நீரல்ல, அடுத்த வேலைக்குப் போகும் நீர்.

கழிவுநீர் 'கழி'யிலிருந்து வருவது, வேண்டாமென்று ஒதுக்கியது. திட்ட அறிக்கையில் இரண்டையும் 'வீட்டுக் கழிவுநீர்' என்று ஒரே வரியில் எழுதினால், கட்டடத்திலும் ஒரே குழாய்தான் போடுவார்கள். கலந்தபின் பிரிக்க வழியில்லை.

இந்திய நகரத் திட்டக் கணக்கில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். அதில் குளிக்க 55, துணிக்கு 20, கழிப்பறைக்கு 30. நால்வர் வீட்டில் 300 லிட்டர் கழுநீர். கழிப்பறைக்குத் தேவை 120தான். மீதி மரங்களுக்குப் போதும்.

வேகமாக வளரும் பாலைவன நகரங்கள் இந்தப் பிரிவைச் சட்டத்திலேயே வைத்தன. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 2001 முதல் நாளுக்கு 400 கேலன், அதாவது ஏறத்தாழ 1,500 லிட்டர் வரை, தனி அனுமதி இல்லாமல் வீட்டிலேயே பயன்படுத்த விடுகிறது. அதே மாநிலத்தின் டூசான் நகரில் 2010 முதல் புது வீடுகளில் கழுநீருக்குத் தனி வடிகுழாய் வசதி கட்டாயம். அந்த விதியில் சமையலறைத் தொட்டி நீர் சேராது: எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் குழாயை அடைத்து அழுகும். நம் சொல்லோ வழக்கில் அரிசி களைந்த நீரையே குறிக்கிறது. ஆகவே திட்டத்தில் இப்படி வரையறுத்துவிட வேண்டும்: கழுநீர் என்பது குளியலறை, கை கழுவும் தொட்டி, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றின் சுத்திகரிக்காத நீர், குழந்தையின் மலத்துணி அலசியது அதில் சேராது.

24 மணி நேரத்துக்கு மேல் தேக்கக் கூடாது. நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றுவிட, நாற்றம் கிளம்பும். தெளிக்கக் கூடாது, மரத்தடிக் குழியில், மூடாக்குக்கு அடியில் விட வேண்டும். குழாயில் ஒரு திருப்பு வால்வு தேவை, மழைநாளில் சாக்கடைக்குத் திருப்ப. சோப்புத் தூளின் சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைத்து நீர் இறங்காமல் செய்யும். மழை நிறைய உள்ள ஊரில் உப்பு தானே கழுவிப்போகும்; பாலையில் அவ்வப்போது நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். உப்பு சேர்வதற்கு இலை ஓரம் கருகுவது முதல் அடையாளம்.

எல்லா நகருக்கும் கழுநீர் பொருந்தாது. லாஸ் வேகாஸில் வீட்டுக்குள் பயன்பட்ட நீர் சுத்திகரிக்கப்பட்டு, நகருக்கு நீர் தரும் மீட் ஏரிக்கே திரும்புகிறது. திருப்பிய அளவுக்கு மீண்டும் எடுக்க உரிமை உண்டு. அங்கே வீட்டிலேயே மரத்துக்கு விட்டால் நகரின் கணக்கில்தான் குறையும். நிலையத்தில் தூய்மையாகி வரும் அந்த நீருக்குக் கழுநீர் என்ற பெயர் பொருந்தாது. மீட்புநீர் என்று எழுதலாம்.