உங்கள் ஷெல்லை மாற்றுங்கள், /பின்/எஸ்ஹெச்-ஐ மட்டும் விட்டுவிடுங்கள்

நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்தான் ஷெல்; பாஷ், இசட் ஷெல், ஃபிஷ், டாஷ் என்று பல உண்டு. /பின்/எஸ்ஹெச் (/bin/sh) என்பது கணினியே தன் ஸ்கிரிப்டுகளுக்கு அழைக்கும் ஷெல்லின் பாதை. முன்னதை உங்கள் விருப்பப்படி மாற்றலாம், பின்னதைத் தொடக்கூடாது. ஏன் என்று பாருங்கள்.

பாஸ்வேர்ட் சரி, சாவி சரி, நெட்வொர்க்கும் சரி. ஆனாலும் தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் 'பெர்மிஷன் டினைட்' என்று கதவைச் சாத்துகிறது. சர்வரில் நுழைவு முயற்சிகளைப் பதியும் ஆத் லாக்கைத் திறந்தால் காரணம் ஒரே வரியில் கிடக்கும்: இந்தப் பயனரின் ஷெல் கணினியில் இல்லை. யாரோ இசட் ஷெல்லுக்கு மாறியிருப்பார், பிறகு யாரோ அந்தத் தொகுப்பையே நீக்கியிருப்பார். இதுகூடப் பரவாயில்லை, அடைபட்டது ஒருவர்தான். 'டீஃபால்ட் ஷெல்லை மாற்றுகிறேன்' என்று /பின்/எஸ்ஹெச் என்ற கோப்பு இணைப்பை (சிம்லிங்க்) பிடுங்கி ஃபிஷ் பக்கம் திருப்புகிறார்களே, அதுதான் தாங்க முடிவதில்லை.

திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது. லினக்ஸில் லாகின் ஷெல் என்பது /இடிசி/பாஸ்வேர்ட் (/etc/passwd) கோப்பில் உங்கள் பெயருக்குரிய வரியில், முக்காற்புள்ளிகளால் பிரித்த ஏழு புலங்களில் கடைசிப் புலம். நீங்கள் உள்ளே நுழையும்போது எந்த நிரலைத் தொடங்குவது என்பதை அது சொல்கிறது. அவ்வளவுதான். நீங்கள் எழுதிய ஸ்கிரிப்டுகளை எது ஓட்டும் என்பதை அது முடிவு செய்வதில்லை. அது ஸ்கிரிப்டின் முதல் வரியின் வேலை. குறித்த நேரத்தில் தானே ஓடும் கிரான் வேலைகள் உங்கள் லாகின் ஷெல்லைக் கேட்பதில்லை. கிரானின் அட்டவணைக் கோப்பான கிரான்டேபில் ஷெல் மாறியை நீங்களே குறிக்காதவரை /பின்/எஸ்ஹெச்-ஐத்தான் அழைக்கும். சி மொழியின் சிஸ்டம் ஃபங்ஷனும் அப்படியே. தொகுப்புகளை நிறுவும்போதும் நீக்கும்போதும் ஓடும் ஸ்கிரிப்டுகளில் பெரும்பாலானவையும் அதையே நம்பியிருக்கின்றன. ஃபிஷ்ஷில் 'இஃப்' தொகுதியை முடிக்கும் 'ஃபை' கிடையாது, 'எண்ட்' போட்டுத்தான் முடிக்கவேண்டும், பல வரி உரையைக் கட்டளைக்கு அப்படியே ஊட்டும் ஹியர்-டாக்கும் கிடையாது. அதை அந்த இடத்தில் உட்காரவைத்தால் அடுத்த அப்டேட்டே பாதியில் நிற்கும். உபுண்டு 2006-இல், 6.10 பதிப்பில், அந்த இணைப்பை பாஷிலிருந்து டாஷுக்கு மாற்றியது. டாஷ், யூனிக்ஸ் வகைக் கணினிகளின் பொதுத் தரமான போசிக்ஸ் இலக்கணத்தை மதிக்கும் ஷெல்தான். அப்படியிருந்தும் பாஷுக்கே உரிய இரட்டைச் சதுர அடைப்பையும் அரேயையும் நம்பியிருந்த ஸ்கிரிப்டுகள் உடைந்தன.

சரி, முறையாக மாற்றுவதற்கு வருவோம். முதலில் புதிய ஷெல்லை நிறுவி, பெயரைத் தட்டி அதற்குள் போய் ஓரிரு நாள் புழங்கிப் பாருங்கள். முழுப் பாதையையும் தெரிந்துகொள்ளுங்கள். அது, அனுமதிக்கப்பட்ட ஷெல்களின் பட்டியலான /இடிசி/ஷெல்ஸ் கோப்பில் இருக்கவேண்டும். டிஸ்ட்ரோவின் தொகுப்பு வழக்கமாகத் தானே சேர்த்துவிடும், மேக்கில் ஹோம்பிரூ என்ற நிறுவும் கருவி வழியாக வந்தது சேர்க்காது, நீங்கள்தான் எழுதவேண்டும். பிறகு 'சிஹெச்எஸ்ஹெச் -எஸ்' (chsh -s) என்று தட்டி முழுப் பாதையைக் கொடுங்கள். முன்னால், கட்டளையை ரூட் என்ற முழு அதிகாரக் கணக்கின் உரிமையோடு ஓட்டும் சூடோ போடாதீர்கள்! பயனர் பெயர் இல்லாமல் சூடோ போட்டால் மாறுவது ரூட்டின் ஷெல். ரூட்டுக்கு எது இருக்கிறதோ அதுவே இருக்கட்டும். கணினி தடுமாறும் நாளில் உங்களுக்குக் கைகொடுக்கப்போவது அந்தக் கணக்குதான்.

மாற்றிய கையோடு ஜன்னலை மூடாதீர்கள். பழைய இணைப்பு திறந்தே இருக்கட்டும், வேறொரு ஜன்னலிலிருந்து புதிதாக நுழைந்து பாருங்கள். '$ஷெல் இன்னும் பாஷ் என்றே காட்டுகிறதே' என்று பதறவேண்டாம். அது லாகின் நேரத்தில் நிரப்பப்படும் மாறி; இப்போது ஓடுவது எது என்று அதற்குத் தெரியாது. டெஸ்க்டாப்பிலிருந்து முழுமையாக வெளியேறி மறுபடி நுழையுங்கள். ஒரே டெர்மினலில் பல ஜன்னல்களைத் திறந்துவைக்கும் டீமக்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் அதன் சர்வரையும் நிறுத்தவேண்டும், இல்லாவிட்டால் பழைய ஷெல்லையே திறந்துகொண்டிருக்கும்.

அடுத்த புலம்பல் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'. இசட் ஷெல், பாஷின் தொடக்கக் கோப்பான உங்கள் பாஷ்ஆர்சியையும் படிக்காது, புரொஃபைலையும் படிக்காது. நிரல்களை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் வரிகளை அதன் சொந்தக் கோப்புகளான இசட்ஷெல்ஆர்சிக்கோ இசட்புரொஃபைலுக்கோ கொண்டுபோங்கள். கட்டளைக்குத் தரும் சொல்லில் சதுர அடைப்போ நட்சத்திரமோ இருந்து, பொருந்தும் கோப்பு எதுவும் இல்லையென்றால், இசட் ஷெல் 'நோ மேட்சஸ் ஃபவுண்ட்' என்று கட்டளையையே ஓட்ட மறுக்கும். பைதான் தொகுப்புகளை பிப் மூலம் இன்ஸ்டால் செய்யும்போது தொகுப்பின் பெயருக்குப் பின்னால் சதுர அடைப்பு போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் போதும். இசட் ஷெல்லில் அரே 1-இலிருந்து எண்ணப்படும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

சிஹெச்எஸ்ஹெச் வேண்டாம் என்று பாஷ்ஆர்சியின் கடைசியில் 'எக்ஸெக் ஃபிஷ்' எழுதுகிறவர்கள், இன்டராக்டிவ் ஷெல்லா (ஆள் உட்கார்ந்து தட்டுவதா) என்ற சோதனையை அதற்கு மேலே கட்டாயம் வையுங்கள். தொலைவிலிருந்து கோப்புகளை நகலெடுக்க எஸ்சிபி, ஆர்சிங்க் வரும்போதும் பாஷ் அந்தக் கோப்பைப் படிக்கும். சோதனை இல்லையென்றால் கோப்புப் பரிமாற்றம் காரணம் சொல்லாமல் கெடும்.

ஏற்கெனவே அடைபட்டுவிட்டீர்களா? சூடோ உரிமையுள்ள வேறொருவர் 'யூசர்மாட் -எஸ் /பின்/பாஷ்' என்று உங்கள் பெயரோடு கொடுத்தால் தீர்ந்தது. யாரும் இல்லையென்றால் கணினியின் முன்னால் உட்காருங்கள். பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் 'இ' (e) விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில் 'இனிட்=/பின்/பாஷ்' சேர்த்து பூட் செய்யுங்கள். ரூட் பார்ட்டிஷனை எழுதும் நிலையில் ரீமவுண்ட் செய்த பிறகு அதே யூசர்மாட் கட்டளை. /இடிசி/பாஸ்வேர்டை எடிட்டரில் நேரடியாகத் திறந்து கைவைக்காதீர்கள், அதற்கென்றே விபிடபிள்யூ (vipw) கட்டளை இருக்கிறது.

நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பலர் புழங்கும் சர்வரில் ஒரு ஷெல் தொகுப்பை நீக்கும் முன் அதன் பாதையை /இடிசி/பாஸ்வேர்டில் கிரெப் செய்து தேடுங்கள். எல்டாப் போன்ற மையக் கோப்பகத்திலிருந்து வரும் கணக்குகள் அந்தக் கோப்பில் தெரியாது, அவற்றை அங்கேயே போய்த் தேடுங்கள். ஒரு பெயர் வந்தாலும் முதலில் அவரை பாஷுக்கு மாற்றுங்கள், பிறகு நீக்குங்கள்.