சொல் விளக்கம்: கறுப்பர் படநூல்

ஆங்கிலத்தில் ‘பிக்சர் புக்’ என்று ஒரு புத்தக வகை உண்டு. தமிழில் இதற்கு ஆளுக்கொரு பெயர்: படக்கதை, சித்திரக்கதை, படப் புத்தகம், ஓவிய நூல். முன்னால் ‘பிளாக்’ என்ற அடைமொழியும் சேர்ந்துவிட்டால் குழப்பம் இரட்டிப்பு. கருப்பா, கறுப்பா? கறுப்பினமா, ஆப்பிரிக்க அமெரிக்கரா? அமெரிக்காவில் கறுப்பு மக்களின் வாழ்வைக் கொண்டாடும் குழந்தைப் புத்தகங்களைப் பற்றித் தமிழில் எழுத வருகிறவர்கள் இந்த இரண்டு இடத்திலும் தடுமாறுகிறார்கள். நான் ‘கறுப்பர் படநூல்’ என்று எழுதுகிறேன். அதற்குக் காரணம் உண்டு.

முதலில் பொருள். படம் போட்ட புத்தகமெல்லாம் பிக்சர் புக் ஆகிவிடாது. பாடப் புத்தகத்தில் மாட்டைப் பற்றி நான்கு வரி இருக்கும், பக்கத்தில் ஒரு மாடும் இருக்கும். அந்த மாட்டை எடுத்துவிட்டாலும் பாடம் நடக்கும். பிக்சர் புக்கில் படத்தை எடுத்தால் கதையே நின்றுவிடும். எழுத்து பாதியைச் சொல்லும், மீதியைப் படம் சொல்லும். சில சமயம் எழுத்து சொல்வதைப் படம் மறுத்தும் பேசும். பெரும்பாலும் 32 பக்கம். 16 பக்கம் ஒரு ஃபாரம் என்ற நம் அச்சகக் கணக்கில் இரண்டு ஃபாரம். அதற்குள் கதை தொடங்கி, திரும்பி, முடிந்தாக வேண்டும் என்பதால், எந்த இடத்தில் பக்கத்தைப் புரட்ட வைப்பது என்பதே இதில் ஒரு தனிக் கலை.

வரலாற்றைத் தொடங்குகிறவர்கள் செக் கல்வியாளர் கொமேனியஸ் 1658இல் ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் வெளியிட்ட ‘ஓர்பிஸ் பிக்டஸ்’ என்ற நூலைச் சொல்வார்கள். லத்தீன் கற்பிக்க மரச்செதுக்குப் படங்களோடு வந்த புத்தகம் அது. நம் கணக்கில் அது பாடநூல்தான். இன்றைய பொருளில் பிக்சர் புக் உருவானது இங்கிலாந்தின் ராண்டால்ஃப் கால்டிகாட் கையில். 1878 முதல் ஆண்டுக்கு இரண்டாகக் கிறிஸ்துமஸ் சமயத்தில் புத்தகங்கள் போட்டார். தட்டு கரண்டியோடு ஓடிப்போனது என்று முடியும் ஒரு ஆங்கிலக் குழந்தைப் பாட்டு உண்டு. கால்டிகாட் அங்கே நிறுத்தவில்லை. அடுத்து எழுத்தே இல்லாமல் ஒரு படம்: தட்டு உடைந்து கிடக்கிறது, கரண்டியை அதன் அப்பா அம்மாவான முள்கரண்டியும் கத்தியும் இழுத்துப் போகிறார்கள். பாட்டில் இல்லாத அந்தச் சோகம் முழுக்கப் படத்தின் வேலை. அமெரிக்காவில் 1938 முதல் சிறந்த பிக்சர் புக் ஓவியருக்குத் தரப்படும் பதக்கம் அவர் பெயரில் இருப்பது பொருத்தம்தான்.

சரி, தமிழில் எந்தச் சொல்? ‘சித்திரக்கதை’யும் ‘படக்கதை’யும் காமிக்ஸுக்குப் போய்விட்டன. கட்டம் கட்டமாக, பேச்சுக் குமிழிகளோடு வருவதைத்தான் தமிழ் வாசகர் அந்தப் பெயரில் அறிவார். ‘ஓவிய நூல்’ காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் மணிமேகலையில் ‘ஓவியச் செந்நூல்’ என்று வருவது ஓவியக் கலையைப் பற்றிய நூல். இன்றும் அப்படித்தான் பொருள்படும். மிஞ்சுவது படப் புத்தகமும் படநூலும். பேச்சில் படப் புத்தகம் போதும். எழுத்தில் படநூல் எனக்குப் பிடித்ததற்கு அதன் வேர் காரணம்.

‘படம்’ என்றால் முதலில் துணி. வடமொழி ‘பட’த்திலிருந்து வந்தது என்பாரும் உண்டு, தமிழ் வேர் காட்டி வாதாடுவாரும் உண்டு. துணி என்ற பொருளில் இரு தரப்புக்கும் சண்டையில்லை. மயிலுக்குப் பேகன் போர்த்தியதைப் புறநானூறு ‘படாஅம்’ என்கிறது. துணியில் எழுதிய ஓவியம் படமாகி, பிறகு எந்த ஓவியமும் படமாகி, இன்று சினிமாவும் படம். ‘நூல்’ என்பதற்கு இழை என்றும் பொருள், புத்தகம் என்றும் பொருள். சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கிற பெண்ணாகவும் வைத்து நன்னூலே உருவகம் கட்டியிருக்கிறது.

இது அகராதி விளையாட்டு மட்டும் என்றால் விட்டுவிடலாம். கறுப்பர் படநூல்களில் புகழ்பெற்ற ஒன்று உண்மையாகவே துணியிலிருந்து பிறந்தது. ஃபெய்த் ரிங்கோல்ட், நியூயார்க்கில் கறுப்பர் வாழும் ஹார்லெம் பகுதியில் வளர்ந்த ஓவியர். கான்வாஸில் வண்ணம் தீட்டி, சுற்றிலும் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்து, துணியிலேயே கதையையும் எழுதுவார். 1988இல் அப்படிச் செய்த ஒரு கதைப் போர்வையை 1991இல் புத்தகமாக்கினார்: ‘டார் பீச்’. 1939 கோடையில், தார் பூசிய மொட்டைமாடியில் குடும்பம் இரவுச் சாப்பாட்டுக்குக் கூடியிருக்க, எட்டு வயது கேஸி வானத்தில் எழும்பி ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு மேல் பறக்கிறாள். மேலே பறந்து போனால் பாலம் அவளுடையதாகிவிடும் என்பது அவள் கணக்கு. நிறத்தின் பெயரால் தொழிற்சங்கம் சேர்த்துக்கொள்ளாத அப்பாவுக்கு, அந்தச் சங்கக் கட்டடத்தையும் அப்படியே பறந்து எடுத்துக் கொடுத்துவிடப் பார்க்கிறாள். பக்கங்களின் அடியில் அந்த ஒட்டுத்துணிக் கரை ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு துணித் துண்டு பெரிய சண்டையையே கிளப்பியது. 1962இல் எஸ்ரா ஜாக் கீட்ஸ் வெளியிட்ட ‘தி ஸ்னோயி டே’, நாம் சொன்னால் ‘பனி பெய்த நாள்’. பீட்டர் என்ற சிறுவன் சிவப்புப் பனியுடையில் வெளியே போகிறான், காலடித் தடம் பதிக்கிறான், ஒரு பனியுருண்டையைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறான். பிறகு பார்த்தால் பை காலி. அவ்வளவுதான் கதை. பீட்டர் கறுப்புக் குழந்தை. கீட்ஸ் போலந்திலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்கு புரூக்ளினில் பிறந்த வெள்ளையர். 1940இல் லைஃப் இதழில் வந்த ஒரு கறுப்புச் சிறுவனின் படங்களைக் கத்தரித்துப் பல ஆண்டுகள் வைத்திருந்தார். அந்த முகம்தான் பீட்டர். வெட்டிய தாள், துணி, பல்துலக்கியால் தெறித்த மை என்று ஒட்டிச் செய்த படங்கள். அம்மாவின் மஞ்சள் கட்டம் போட்ட உடை, அலமாரித் தட்டில் விரிக்கிற எண்ணெய்த்துணியில் வெட்டியது.

1963இல் புத்தகத்துக்குக் கால்டிகாட் பதக்கம் கிடைத்தது. 1965இல் கல்வியாளர் நான்சி லாரிக் ‘சாட்டர்டே ரிவ்யூ’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். 63 பதிப்பகங்கள் மூன்று ஆண்டுகளில் போட்ட 5,206 குழந்தை நூல்களில் கறுப்பர் ஒருவராவது இருந்தவை 6.7 சதவீதம் என்று கணக்குக் காட்டிய கட்டுரை. அதில் பீட்டருக்கும் ஒரு குட்டு: சிறுவன் கறுப்பு என்று எழுத்தில் எங்குமே சொல்லவில்லை, அம்மாவோ பகட்டான மஞ்சள் உடையில் பெருத்த உருவமாக, கறுப்புப் பெண்ணைக் கேலியாக்கிய பழைய வேலைக்காரி பொம்மையை நினைவூட்டுகிறார். கீட்ஸ் கோபமாகப் பதில் எழுதினார். தோலின் நிறம் படத்தில் தெரியும்போது எழுத்தில் வேறு முத்திரை குத்த வேண்டுமா என்பது அவர் கேள்வி.

என் பார்வையில் இருவரும் பாதிப் பாதி சரி. அம்மாவைப் பற்றி லாரிக் சொன்னதைத் தட்டிக்கழிக்க முடியாது. எழுத்தைப் போலவே படமும் பழைய அவமானத்தைச் சுமக்கும். ஆனால் எழுத்தில் நிறம் இல்லை என்ற புகார், இந்த வடிவம் எப்படிப் பேசும் என்பதை விட்டுவிட்டுப் பேசுகிறது. படநூலில் ‘கறுப்பு’ என்ற சொல் அச்சில் வரவேண்டிய கட்டாயம் இல்லை. தன் வகுப்புப் பிள்ளைகள் முதல்முறையாகத் தங்களைப் பழுப்பு கிரேயானால் வரைகிறார்கள் என்று ஓர் ஆசிரியர் கீட்ஸுக்கு எழுதினார். எந்த வரியைப் படித்து அப்படிச் செய்தார்கள்? தமிழில் மொழிபெயர்க்கிறவர் ‘கறுப்பினச் சிறுவன் பீட்டர்’ என்று முதல் வரியில் சேர்த்தால், படம் செய்யும் வேலையை அதன் கையிலிருந்து பிடுங்குகிறார். நியூயார்க் பொது நூலகம் 2020இல் வெளியிட்ட பட்டியலில், அதன் வரலாற்றிலேயே அதிகம் இரவல் போன புத்தகம் இதுதான்: 4,85,583 முறை.

கறுப்பர் தாங்களே தங்கள் பிள்ளைகளுக்கு எழுதியது அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கியது. கறுப்பர் உரிமைக்குப் போராடிய அறிஞர் டு பாய்ஸ் 1920, 1921 ஆகிய இரண்டு ஆண்டுகள் ‘தி பிரவுனீஸ் புக்’ என்ற மாத இதழை நடத்தினார், எழுத்தாளர் ஜெஸ்ஸி ஃபாசெட்டின் கைவண்ணத்தில். லாங்ஸ்டன் ஹியூஸின் தொடக்கக் காலக் கவிதைகள் அதில்தான் வந்தன. ‘சூரியனின் பிள்ளைகளுக்கு’ என்பது இதழின் முகப்பு வாசகம். படநூலில் அந்தக் குரல் ஓங்கி ஒலித்தது 1969இல், பதின்வயதில் ஜான் ஸ்டெப்டோ எழுதி வரைந்த ‘ஸ்டீவி’யில். தடித்த கறுப்புக் கோடுகள். சிறுவன் தன் தெருவின் பேச்சிலேயே கதை சொல்கிறான். 1976இல் மனைவி டயானோடு சேர்ந்து கால்டிகாட் பதக்கம் வாங்கிய லியோ டில்லன்தான் அதைப் பெற்ற முதல் கறுப்பர். ஒரு கறுப்புப் பெண்ணுக்கு அது கிடைக்க 2024 வரை ஆனது, வஷ்டி ஹாரிசனுக்கு.

இனி அடைமொழிக்கு வருவோம். லாரிக்கின் கட்டுரையில் ‘பிளாக்’ இல்லை, ‘நீக்ரோ’தான். அந்தக் காலத்தில் அது மரியாதைச் சொல். 1930இல் நியூயார்க் டைம்ஸ் அதைப் பெரிய எழுத்தில் தொடங்க ஒப்புக்கொண்டதே ஒரு வெற்றி. 1960களின் பிற்பகுதியில் இளைஞர்கள் அதை உதறி, வசைபோல் இருந்த ‘பிளாக்’கைத் தலைநிமிர்ந்து எடுத்துக்கொண்டார்கள். 2020இல் ஏ.பி. செய்தி நிறுவனம் அதற்கும் பெரிய எழுத்து தந்தது. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. அந்த வேலையை நம்மவர்கள் ‘இனம்’ சேர்த்துச் செய்கிறார்கள்: கறுப்பினத்தவர். தவறில்லை, செய்தியில் இருக்கட்டும். பிள்ளைகள் கையிலெடுக்கும் புத்தகத்தின் மேல் ‘இனம்’ என்று எழுதினால் மானிடவியல் வாடை வீசுகிறது. ‘கறுப்பர்’ போதும். பழைய புத்தகங்களில் உள்ள ‘நீக்ரோ’வை மேற்கோளில் அப்படியே விடலாம், நம் வாக்கியத்தில் வேண்டாம்.

வல்லின றகரமா என்றால், ஆம். ‘கருப்பு’ இன்று தமிழ்நாட்டில் பரவலாகிவிட்டாலும் பழைய வழக்கில் அது பஞ்சம். கருப்பஞ்சாறு என்றால் கரும்பு. இலங்கையில் ‘கறுப்பு’ அப்படியே நிலைத்திருக்கிறது. தொல்காப்பியம் ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்று சொல்லிவிட்டு, அவை நிறத்துக்கும் உரியவை என்று அடுத்த நூற்பாவில் சேர்க்கிறது. நிறமும் கோபமும் ஒரே சொல்லில். 1960களின் அமெரிக்கத் தெருக்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

அப்புறம், ‘பிளாக் எக்ஸ்பீரியன்ஸ்’ என்பதைக் ‘கறுப்பின அனுபவம்’ என்று பெயர்க்கிறார்கள். அனுபவம் என்றால் நமக்கு ஒருவருக்கு நேர்ந்தது. ஒரு சமூகம் தலைமுறையாக வாழ்வது வாழ்வு. ‘கறுப்பர் வாழ்வு’ என்று எழுதிவிட்டால் மொட்டைமாடிச் சாப்பாடு, ஞாயிறு தேவாலயம், முடிதிருத்தும் கடை எல்லாம் அதற்குள் அடங்கும்.

முடி என்றதும் ஒரு எச்சரிக்கை. இந்த நூல்களில் தலைமுடிக்குத் தனி இடம் உண்டு. சுருட்டை முடி, சுருள்முடி, பின்னல் என்று நம்மிடம் நல்ல சொற்கள் இருக்கும்போது, ‘பரட்டை’ அறியாமல் வந்து விழுந்துவிடும். 1997இல் கரோலிவியா ஹெரான், கறுப்பரின் சுருள்முடிக்கு வசைச்சொல்லாக இருந்த ‘நாப்பி’யை வேண்டுமென்றே தலைப்பில் வைத்து, குடும்பமே பாட்டும் எதிர்பாட்டுமாகச் சொல்லும் ஒரு படநூல் எழுதினார். அடுத்த ஆண்டு புரூக்ளினில் ஒரு வெள்ளை ஆசிரியை வகுப்பில் அதை வாசிக்க, சில பக்கங்களின் கறுப்பு வெள்ளை நகலை மட்டும் பார்த்த பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். ஆசிரியை அந்தப் பள்ளியை விட்டே போக நேர்ந்தது. வண்ணமும் சொல்கிறவரின் குரலும் போய், அந்தச் சொல் மட்டும் நகலில் நின்றது. அதைத் தமிழாக்கினால் ‘பரட்டை’ பொருந்தக்கூடிய ஒரே புத்தகம் இதுவாகத்தான் இருக்கும், அதுவும் குடும்பத்தார் வாயில் வரும் இடத்தில் மட்டும்.

எல்லாவற்றுக்கும் இந்தப் பெயரைப் பூசிவிடவும் வேண்டாம். சென்னையின் தாரா புக்ஸ் 2010இல் மார்ட்டின் லூதர் கிங்கின் வாழ்க்கையை வெளியிட்டது. எழுதியவர் அமெரிக்கக் கறுப்பர் ஆர்தர் ஃபிளவர்ஸ். வரைந்தவர் வங்கத்துப் படச்சுருள் ஓவியர் மனு சித்திரகார். படச்சுருளை விரித்துக் கதை பாடும் மரபில் வந்த கை அது. ஆனால் வளர்ந்தவர்களும் படிக்க நீளமாக ஓடும் கதை என்பதால், அதை நான் படக்கதை என்றே குறிப்பிடுவேன்.