சொந்தமாகச் சென்சார் மாட்டிய காடி ஸ்டார்ட் ஆகிவிட்டது, சரி. அதனால் என்ன?

என் மேசைமேல் இப்போது மூன்று பிஸ்டன்கள் இருக்கின்றன. மூன்றிலும் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்திருக்கிறது. மூன்றும் தம்பிமார் சொந்தமாக கிராங்க் சென்சார் (எஞ்சின் தண்டு எந்த நிலையில் சுற்றுகிறது என்று பார்ப்பது) பொருத்திய காடிகள். மூன்றாவது போன வாரம் டோ லாரியில் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

சுங்கை சிப்புட்டில் பட்டறை வைத்திருப்பவனுக்கு முதல் தலைமுறை புரோட்டான் சாகா குலதெய்வம் மாதிரி. 1985-இல் வந்த காடி. அப்பா தோட்டத்து வேலையில் தவணை கட்டி வாங்கியது, மகன் ஈப்போவில் சம்பாதித்து அதை மாற்றுகிறான். கார்புரேட்டரைக் கழற்றி இன்ஜெக்ஷன், பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கிவிட்டு காயில், தனி ஈசியூ (எஞ்சின் கணினி). நல்ல வேலைதான், நான் குறை சொல்லமாட்டேன். புஷ் தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டர் தீப்பொறியை எங்கே வீசுமென்று அதற்கே தெரியாது. கிராங்கிலிருந்தே கணக்கெடுப்பது எவ்வளவோ மேல்.

ஆனால் அந்த மூன்றாவது காடியின் தம்பி என்னிடம் சொன்னது இது: "அண்ணே, ஒரே ஸ்டார்ட்டுல புடிச்சிக்கிச்சி. ஐடில் அருமையா நின்னிச்சி. சென்சார் தப்பா இருந்தா ஸ்டார்ட்டே ஆகாதுல்ல?"

ஆகும் தம்பி. நன்றாகவே ஆகும். இதை எத்தனை பேரிடம்தான் சொல்வது!

கிராங்கோடு சுற்றும், 36 பல்லில் ஒன்றை வெட்டிய சக்கரம் என்றால் பல்லுக்குப் பல் 10 டிகிரி. அந்த வெட்டுப் பல் சென்சாரைத் தாண்டியதும் ஈசியூ எண்ணத் தொடங்குகிறது. முதல் பிஸ்டன் உச்சிக்கு வர அங்கிருந்து எத்தனை டிகிரி என்பது அதற்குத் தெரியாது. நீங்கள் லேப்டாப்பில் தட்டிக் கொடுத்த எண்தான் அதற்கு வேதவாக்கு. இந்தத் தம்பி அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தான்? கூட்டாளியின் ஃபைலிலிருந்து. அதே காடி, அதே எஞ்சின், அதே சக்கரம். ஆனால் இவன் காடியில் ஆல்டர்னேட்டர் போல்ட் இடித்ததால் சென்சார் பிராக்கெட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறான். எவ்வளவு? ஒன்றரை சென்டிமீட்டர்.

கணக்கைப் பாருங்கள். 14 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு சுமார் 44 செ.மீ. ஒரு சென்டிமீட்டர் தள்ளினால் 8 டிகிரி, ஒன்றரை தள்ளினால் 12. இவன் தள்ளியது வெட்டுப் பல் முன்னதாகவே வந்து சேரும் பக்கம். ஐடிலில் பிஸ்டன் உச்சிக்கு 10 டிகிரி முன்னால் என்று கேட்டால் உண்மையில் 22-இல் தீப்பொறி. அந்த வேகத்தில் எஞ்சினுக்கு அது பிடிக்கும், மிதித்தால் துள்ளும். "செம பிக்கப்" என்று கூட்டாளிகள் தோளைத் தட்டுவார்கள். முழு சுமையில் 28 கேட்கும்போது 40 போகும். இவன் பினாங்குக்குப் போகும் வழியில் மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்தில் மிதித்திருக்கிறான். அங்கே நாக்கிங் வந்திருக்கிறது, அதாவது எரிபொருள் தாறுமாறாக வெடித்து பிஸ்டனை உடைக்கும் தட்டல். எக்ஸாஸ்ட் சத்தத்தில் எங்கே கேட்கப்போகிறது!

இன்னொன்று. "லேப்டாப்புல 10னுதான் காட்டிச்சி" என்றான். சென்சாரை எந்தக் கோணத்தில் மாட்டினாலும் அது 10 என்றே காட்டும். அது அளந்து சொல்லவில்லை, நீங்கள் சொன்னதையே திருப்பிச் சொல்கிறது. ஸ்கேனரில் எரர் கோட் வராததும் அப்படித்தான். பல் வருகிறது, எண்ணிக்கை சரியாக இருக்கிறது, அதற்குமேல் அதற்குக் கவலையில்லை.

அளப்பதற்கு இருப்பது டைமிங் லைட் ஒன்றுதான், தீப்பொறி வரும்போதெல்லாம் மின்னும் விளக்கு. ஈசியூவில் டைமிங்கை 10-இல் பூட்டிவிட்டு கிராங்க் நுனியிலுள்ள புல்லியின் குறிமேல் அடித்துப் பாருங்கள். குறி 10-இல் நிற்கவில்லையென்றால் எண்ணை மாற்றுங்கள். பிறகு 3,000 சுற்றுக்கு ஏற்றிப் பாருங்கள். குறி நகர்ந்தால் இரண்டு வயர் சென்சாரில் வயர் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். "ரெண்டு வயர்தானே, எப்படிக் கொடுத்தா என்ன" என்பவரோடு வாதாட எனக்கு நேரமில்லை.

ஆனால் அந்தப் புல்லிக் குறியையே நம்பலாமா? ரப்பர் வைத்த பழைய புல்லியில் வெளிவளையம் நழுவியிருக்கும். முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டையில் பிஸ்டனைத் தடுக்கும் ஸ்டாப்பர் போட்டு, கையால் மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பி, முட்டும் இரண்டு இடத்துக்கும் நடுவே புதுக் குறி போடுங்கள், அதுதான் பிஸ்டனின் உச்சி. அதற்குமுன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பல் சக்கரத்தையும் அந்த வெளிவளையத்தில் மாட்டாதீர்கள், உள் ஹப்பில் மாட்டுங்கள். இரும்புச் சக்கரமாக இருக்கட்டும். அழகுக்காக அலுமினியத்தில் வெட்டிக்கொண்டு வந்தார் ஒருவர். சென்சார் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிராக்கெட் கனமான இரும்புத் தகட்டில், எஞ்சின் பிளாக்கில் போல்ட் போட்டதாக இருக்கவேண்டும். எஞ்சின் ஆடும், பாடி ஆடாது. அதனால் பாடியில் மாட்டினால் சென்சாருக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி நிற்காது. கேபிள் டை போட்டுக் கட்டி வந்த காடிகளைப் பற்றிப் பேசவே விருப்பமில்லை. இடைவெளி சென்சாருக்குச் சென்சார் மாறும், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் சுற்றுவட்டம். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்து, ஒரு முழுச் சுற்றும் கையால் திருப்பிப் பாருங்கள், சக்கரம் கோணலா என்பது தெரிந்துவிடும். சென்சாரின் ஷீல்டு வயரை பிளக் வயருக்குப் பக்கத்தில் ஓட்டாதீர்கள். ஷீல்டை ஈசியூ பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள்.

பிராக்கெட்டுக்கு லேத் கடையில் 30, 40 வெள்ளி கேட்டால் கொடுத்துவிடுங்கள் தம்பி. அப்பாவின் காடி அது.

டைமிங் லைட் இல்லையென்றால் என்னிடம் வாருங்கள், இரவல் தருகிறேன், காசு வேண்டாம். அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். தீபாவளிக்கு முன்பு ஒன்றை வாங்கிப்போனவர் இதைப் படித்தால், அது எனக்கு இன்னும் வந்து சேரவில்லை.